காட்டுவதற்கு வந்த பணம்

லெஸ்டர்,
12 ஜனவரி 2025

அன்புத் தங்கை பிரியந்திக்கு,

அக்கா இங்கே சுகம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? இந்தக் குளிருக்கு அம்மாவின் முழங்கால் வலி கூடியிருக்கும். தைலம் தேய்க்காமல் கொழுந்து பறிக்க மலைக்குப் போக விடாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்டாய். போனில் அம்மா "சாப்புட்டியா, குளிருதா" என்று கேட்டுவிட்டு உன்னிடம் கொடுத்துவிடுகிறார். கடிதம் என்றால் ஒரு வாரம் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாராம், பக்கத்து வீட்டு லெட்சுமி அத்தையும் வந்து உட்கார்ந்துகொள்கிறாராம். அப்படியானால் நான் எழுதத்தான் வேண்டும்.

முதல் தவணைப் பெறுபேறு வந்துவிட்டது. பொதுச் சுகாதாரத்தில் எங்கள் வகுப்பிலேயே எனக்குத்தான் கூடிய புள்ளி. ஆய்வுக்கு மலைநாட்டுப் பெண்களின் இரத்தசோகையை எடுத்திருக்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலையும் நன்றாகப் போகிறது. அப்பா விட்டுப்போன ஈ.பி.எஃப். சேமிப்புப் பணத்தில் முதல் கட்டணம் போனது. அடுத்த தவணையை என் சம்பளத்திலேயே கட்டிவிட்டேன்.

பாதிக் கட்டணத்துக்கு எனக்கு ஸ்கொலர்ஷிப் கிடைத்ததை அம்மா கோயிலிலும் சொல்லித் திரிகிறார் என்று எழுதியிருந்தாய். அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல். மற்றபடி எல்லாம் நலம்.

அன்புடன்,
அக்கா கிருஷாந்தி


கொட்டகலை,
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிரியந்தி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம், உன் சுகத்தை அறிய ஆவல். அம்மாவின் கால் பரவாயில்லை. தைலம் தேய்த்துத்தான் அனுப்புகிறேன்.

அக்கா, எனக்கு வேலை கிடைத்துவிட்டது! ஹட்டனில், வங்கியில். போனில் சொல்லாமல் கடிதத்துக்காக வைத்திருந்தேன், நீ துள்ளிக் குதிப்பதைக் கற்பனை செய்துகொண்டு.

நேர்முகத்தில் மெனேஜர் சேர் என் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "தோட்டத்துல இருந்தா வாறீங்க? காலையில நேரத்துக்கு வர ஏலுமா?" என்று கேட்டார்.

"தோட்டத்துப் பெரட்டுல பேர் குடுக்க ஆறு மணிக்கு ஆள் சேரும் சேர். அதுக்கு முந்தியே எங்க லயத்துல எல்லா வீட்டுலயும் வெளக்கு எரியும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அதிலேயே வேலை கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோனது.

முதல் நாள் அம்மா பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். மலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். "என்னாடி பிரியந்தி, தொரைசாணி மாதிரி இருக்க" என்றார் லெட்சுமி அத்தை. எனக்கு வெட்கமே வரவில்லை அக்கா. நன்றாகத்தான் இருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
பிரியந்தி


லெஸ்டர்,
2 மார்ச் 2025

என் வங்கி அதிகாரித் தங்கைக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். உன் கடிதத்தைப் பஸ்ஸில் வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா என்ன விசயம் என்று கேட்டார். "என் தங்கைக்கு வேலை கிடைத்துவிட்டது" என்றேன். அவரும் சந்தோசப்பட்டார்.

எந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள்? கவுண்டரில் இருக்கக் கேள். அங்கேதான் மனிதரோடு பழகலாம், வேலையும் சீக்கிரம் பிடிபடும். பழைய கோப்புகளுக்குள் போய் முடங்கிவிடாதே. அக்கா சொன்னால் கேட்பாய்தானே.

அம்மாவுக்கு ஒரு கம்பளி மேற்சட்டை அனுப்பியிருக்கிறேன். பெட்டியில் பூட்டி வைக்காமல் போடச் சொல்.

அன்புடன்,
கிருஷாந்தி


கொட்டகலை,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். மேற்சட்டை வந்தது, அளவாக இருக்கிறது. அம்மா கோயிலுக்கு மட்டும் போடுகிறார். தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்குக் கொடி கட்டியாகிவிட்டது. மழை இன்னும் இல்லை, கொழுந்து குறைவு.

வெளிநாட்டுக் கடிதங்கள் வரும் மேசையில் சில நாள் இருந்தேன். இப்போது கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். வேலையைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதற்கில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

பிரியந்தி


லெஸ்டர்,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள பிரியந்திக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று உண்மையாகவே கேட்கிறேன், வழக்கத்துக்காக அல்ல.

நாலைந்து பக்கம் எழுதுகிறவள் ஒரு துண்டுக் காகிதம் அனுப்பியிருக்கிறாய். சித்திரைப் புத்தாண்டன்று போனில் வேலையைப் பற்றிக் கேட்டபோது, "அக்கா, அதப் பத்திக் கேக்காத" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டாய். யாராவது உன்னை ஏசினார்களா? அல்லது எனக்குச் சொல்ல வேண்டிய பையன் யாராவது இருக்கிறானா? எதுவானாலும் எழுது.

இன்னொன்று. எனக்கு விசா எடுத்துத் தந்த கண்டி ஏஜென்டின் ஒபிஸ் பூட்டிக் கிடக்கிறது என்று மிலான் சொல்கிறான். மிலானை உனக்குத் தெரியும், ராகலைப் பையன், நான் இருக்கும் வீட்டின் கீழறையில் இருக்கிறான், அதே ஏஜென்ட் மூலம் வந்தவன். அந்த ஏஜென்டைப் பற்றி ஹட்டனில் ஏதாவது பேசிக்கொள்கிறார்களா?

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

கிருஷாந்தி


லெஸ்டர்,
18 மே 2025

பிரியந்தி,

நீ பதில் போடவில்லை. இனி இதற்குப் பதில் தேவையுமில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. இதை அம்மாவுக்கு வாசிக்காதே.

விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் விண்ணப்பத்தோடு கொடுத்த வங்கிக் கணக்கை மீண்டும் விசாரித்தார்களாம். ஒரே நாளில் பெரிய தொகை வந்திருக்கிறது, ஒரு மாதம் அசையாமல் இருந்திருக்கிறது, விசா கிடைத்த மறுநாள் முழுவதும் வெளியே போயிருக்கிறது. அது யாருடைய பணம் என்று ஒரு மாதத்துக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் விசா ரத்து.

இந்த விவரங்களைக் கொடுத்தது உன் வங்கி. உன் கிளை.

ஆமாம், ஸ்கொலர்ஷிப் என்று எதுவும் கிடைக்கவில்லை. எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, அதற்கான மூளை என்னிடம் இருந்தது. கணக்கில் காட்டுவதற்கு அவ்வளவு பணம் மட்டும்தான் இல்லை. நம் லயத்தில் யாரிடம் இருக்கும்? ஏஜென்ட் யாரோ ஒருவரின் பணத்தை என் கணக்கில் போட்டார், பிறகு எடுத்துக்கொண்டார். வந்தபின் ஒரு நாளும் நான் யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. இதில் நான் யாருடைய பணத்தைத் தின்றேன்?

என் பெயரைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாய் அல்லவா? எனக்குப் போன் பண்ணாதே. பண்ணினாலும் எடுக்க மாட்டேன்.

கிருஷாந்தி


கொட்டகலை,
1 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எடுக்காவிட்டாலும் நான் தினமும் போன் பண்ணினேன். அம்மா சுகம். நான் அவ்வளவு சுகமில்லை. வங்கி பதில் அனுப்பும்வரை என்னால் வாய்திறக்க முடியவில்லை. இப்போது உன் கைக்கே கடிதம் வந்துவிட்டபடியால் எழுதுகிறேன்.

மார்ச் கடைசியில் விசா அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் என் மேசைக்கு வந்தது. அந்த ஏஜென்ட் அனுப்பிய பிள்ளைகளின் கணக்குகளை எல்லாம் விசாரித்திருந்தார்கள். விசாவுக்கு எழுதும்போதே, வங்கியில் விசாரிக்கச் சம்மதம் என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்களாம். பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தேன். செல்லசாமி கிருஷாந்தி. அப்பாவின் பெயரை அச்சில் பார்த்ததும் முதலில் சந்தோசமாக இருந்தது அக்கா. பிறகுதான் அது என்ன பட்டியல் என்பது உறைத்தது.

கோப்பை எடுத்துக்கொண்டு மெனேஜர் சேரின் அறைக்குப் போனேன். சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"சேர், இதுல ஒரு பேர் என் அக்கா. இத நான் தொடக்கூடாது."

அவர் கணினியில் உன் கணக்கைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"கணக்குல காசு இருந்ததான்னு ஒரு கேள்வி. இருந்திச்சு. அத மட்டும் எழுதிட்டு வாங்க, நான் சைன் பண்றேன். எப்ப வந்திச்சு எப்ப போச்சுங்கிறத திரும்பக் கேட்டாப் பார்ப்பம். படிக்கிற பிள்ளைதானே."

அவர் நல்ல மனிதர். எனக்கு உதவி செய்யத்தான் சொன்னார்.  ஒரு வரி எழுதினால் போதும், நீ படிப்பை முடித்து, வேலை எடுத்து, அம்மாவை மலையிலிருந்து நிறுத்திவிடுவாய். எல்லாம் என் கண்முன்னால் வந்தது.

"மத்தவங்களுக்கும் அப்படித்தான் எழுதுவீங்களா சேர்?" என்று கேட்டேன்.

"அது முடியாது. கேட்டதுக்கெல்லாம் பதில் குடுக்கணும்."

"மத்தவங்களும் எங்க தோட்டத்துப் பிள்ளைங்கதான் சேர். அவங்களுக்கு பேங்க்ல தங்கச்சி இல்ல. எல்லாருக்கும் என்ன எழுதுவீங்களோ அதையே எங்க அக்காவுக்கும் எழுதுங்க. நான் எழுத மாட்டேன்."

அவர் கோப்பை வாங்கிக்கொண்டார். அன்றே என்னைக் கவுண்டருக்கு மாற்றினார். வீட்டிலும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கினார்.

'கவுண்டரில் இருக்கக் கேள்' என்று எழுதினாயே. அது என் நன்மைக்கு என்று நினைத்தேன். உன் கணக்கு என் கண்ணில் படாமல் இருக்கத்தான் என்று இப்போது புரிகிறது. என்னிடம் எப்போதோ சொல்லியிருக்கலாம் அக்கா. ஏசியிருப்பேன், ஆனால் உன் பக்கம் நின்றிருப்பேன்.

இப்போதும் நிற்கிறேன். அதனால் சொல்கிறேன், கேள். வங்கிக் கணக்கில் பணம் வந்ததும் போனதும் மட்டும்தான் இருக்கும். யார் போட்டது, பணத்தை எடுக்க உன்னிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்களே, அதை வாங்கியது யார், அதற்கு நீ எவ்வளவு கூலி கொடுத்தாய் என்று எதுவும் அதில் இல்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். ஒன்றையும் மறைக்காமல் சொல். நீ நன்றாகப் பேசுகிறவள். பயந்தவள் மாதிரிப் பேசாதே.

உன் தங்கைதான்,
பிரியந்தி


லெஸ்டர்,
22 ஜூன் 2025

அன்புள்ள பிரியந்திக்கு,

சுகமாக இருக்கிறேன். இரண்டு நாளாகச் சாப்பாடும் இறங்குகிறது. அம்மா எப்படி?

உன் கடிதத்தை முதியோர் இல்லத்தின் படிக்கட்டில் நின்றபடியே வாசித்தேன். கோபம் தணிய இன்னும் இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது. உன் மெனேஜர் கொடுத்த வழியை நீ எடுத்திருந்தால் நான் உனக்கு நன்றி எழுதியிருப்பேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்கு வங்கியில் தங்கை இல்லை என்று சொன்னாயே, அது சரிதான். வீட்டின் கீழறையிலேயே அப்படி ஒருவன் இருந்தான்.

மிலானுக்கும் அதே கடிதம்தான் வந்தது. ஒரு நாள் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, பதிலே எழுத வேணாம். லண்டன்ல ஒரு கடையில கைக்காசுக்கு வேல இருக்கு. ரெண்டு பேருக்கும் பேசிட்டேன். பேங்கும் வேணாம், கார்டும் வேணாம். பதிவே இல்லாட்டி எங்கள எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"எத்தன வருசத்துக்குடா?"

"அது தெரியாது."

"உங்கம்மாவுக்குச் சொகமில்லன்னு போன் வந்தா போவியா?"

அவன் கீழே இறங்கிப் போய்விட்டான். மறுநாள் விடியும்போது அறை காலியாக இருந்தது. எனக்கு அவன்மேல் கோபமில்லை. நானும் ஒரு பையில் துணியை எடுத்து வைத்துவிட்டுத்தான் இருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு அதைத் திரும்ப அலமாரியில் மடித்து வைத்தேன்.

பல்கலைக்கழகத்தில் இலவசமாக உதவும் சட்டத்தரணி ஒருவர் இருக்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கணக்கு உண்மையான கணக்குத்தான், பத்திரம் பொய்யில்லை. பணம்தான் உங்களுடையதில்லை. அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தோம். பிறகு நேரில் அழைத்தார்கள்.

"இந்தப் பணம் உங்களுடையதா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. ஏஜென்டின் பெயர், அவர் சொன்ன பேச்சு, நான் கையெழுத்திட்ட வெற்றுப் படிவம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்படியானால் இங்கே எப்படிச் செலவைச் சமாளித்தீர்கள்?"

சம்பளத் துண்டுகள், கட்டணம் கட்டிய ரசீதுகள், வாடகை ரசீதுகள், எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். அனுமதித்த மணித்தியாலத்துக்கு மேல் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. "என் கணக்கில் நீங்கள் ஒரு மாதத்தைப் பார்த்திருக்கிறீர்கள். மற்ற மாதங்களையும் பாருங்கள்" என்றேன்.

பயந்தவள் மாதிரிப் பேசவில்லை பிரியந்தி. 

முடிவு வரும்வரை அம்மாவுக்குச் சொல்லாதே.

அன்புடன்,
அக்கா


லெஸ்டர்,
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிரியந்திக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

முடிவு வந்துவிட்டது. பொய்ப் பத்திரம் கொடுத்ததாக என்மேல் எழுதவில்லை. மறைக்காமல் பதில் சொன்னதையும் குறித்திருக்கிறார்கள். ஆனால் விசாவைக் குறைத்துவிட்டார்கள். செப்டம்பர் இருபதுக்குள் புறப்பட வேண்டும். ஆய்வைக் கையளிக்க நேரம் இருக்கிறது, பட்டம் கிடைக்கும். படிப்பு முடிந்து இங்கே வேலை செய்யலாம் என்று வைத்திருந்தேனே, அது போய்விட்டது. ஒரு மாலை முழுக்க அழுதேன். மறுநாள் ஆய்வின் கடைசி அத்தியாயத்தைத் தொடங்கினேன்.

அம்மாவுக்கு நீ பக்குவமாகச் சொல். லயத்தில் கேட்டால் லீவில் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினெட்டாம் திகதி விடிய விமானம் கொழும்பில் இறங்கும். பகலெல்லாம் கொழும்பில் இருந்துவிட்டு, ராத்திரி வேனில் வந்து சேர்கிறேன். யாரும் பார்க்க மாட்டார்கள்.

கிருஷாந்தி


கொட்டகலை,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக வந்து சேர வேண்டும், அதுதான் இப்போது எங்கள் நேர்த்தி.

பக்குவமாகச் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. உன் கடிதத்தைக் கையில் எடுத்ததுமே அம்மா என் கள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அவ கடுதாசி வந்தா நீ கொஞ்சம் வாசிக்கிற, மீதிய மடிச்சுக் கையில வச்சிக்கிற. கொஞ்ச நாளா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லாத்தையும் எடுத்துட்டு வா. வாசி."

மே மாதக் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் வாசித்தேன், நான் உனக்கு எழுதியதையும் சொன்னேன். அம்மா அழவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்தார்.

"திருடுனாளா?"

"இல்லம்மா."

"யாரு காசையாச்சும் தின்னாளா?"

"இல்லம்மா. போட்டவனே எடுத்துக்கிட்டான்."

"பொய் சொன்னாளா?"

"சொன்னா. ஒங்ககிட்டயும் எங்கிட்டயும் சொன்னா. அப்பறம் அந்த ஆபீசர்கிட்ட அவளே உண்மையச் சொல்லிட்டா."

அம்மா சுளகை மறுபடி கையில் எடுத்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பொய்ய நான் அவகிட்ட பேசிக்கிறேன். அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. அதுக்கு எதுக்கு ராத்திரியில வரணும்? படிச்சு முடிச்சுட்டு வர்றா. பகல் ட்ரெயின்ல வரச் சொல்லு. அன்னைக்கி நான் மலைக்குப் போகல."

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் லெட்சுமி அத்தையிலிருந்து எல்லாரிடமும் அம்மாவே சொல்லிவிட்டார். ஸ்கொலர்ஷிப் இல்லை, ஏஜென்ட் காட்டிய பணம், மகள் சொந்தச் சம்பளத்தில் படித்தாள், திரும்பி வருகிறாள். யாரும் சிரிக்கவில்லையாம். இரண்டு மூன்று பேர் மட்டும் அந்த ஏஜென்டின் பெயரை மெதுவாகக் கேட்டிருக்கிறார்கள்.

அதிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள் அக்கா. அவர்கள் பிள்ளைகளுக்கும் கடிதம் வந்திருக்கிறது, என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று மிலானின் அம்மா ராகலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்தார். மகன் எங்கே இருக்கிறான் என்றுகூட அவருக்குத் தெரியாது. வங்கியில் இருக்கும் என்னால் இந்த விசயத்தில் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது. தேநீர் கொடுத்து அனுப்பினேன். ஏஜென்ட்மேல் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கவும் நினைக்கிறார்கள், ஆனால் முதலில் போகிற ஆள் யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் தங்கை,
பிரியந்தி


லெஸ்டர்,
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கும் பிரியந்திக்கும்,

நலம். இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு வாசி.

ஆய்வைக் கையளித்துவிட்டேன். பேராசிரியர் எழுந்து வந்து கை கொடுத்தார். முதியோர் இல்லத்தில் கேக் வெட்டி அனுப்பினார்கள்.

அம்மா, நீங்கள் ஏச வேண்டியதை ஏசுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன். வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விமானம் இறங்கிய அன்று கொழும்பில் தங்கி, மறுநாள் காலை ட்ரெயினில் வருகிறேன். கொட்டகலையில் இறங்கிக் கடைத்தெரு வழியாகவே நடந்து வருவேன்.

மிலான் போன வாரம் புது நம்பரிலிருந்து பேசினான். அவனுடைய அம்மா ராகலையிலிருந்து பஸ் மாறி வந்ததைச் சொன்னேன். அதைத் திரும்ப ஒரு தரம் சொல்லச் சொன்னான். பிறகு அந்தச் சட்டத்தரணியின் இலக்கத்தைக் கேட்டான். கொடுத்திருக்கிறேன்.

பிரியந்தி, உன்னால் பேச முடியாது, சரி. என்னால் முடியும். அவர்கள் பிள்ளைகளுக்கு என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்கிறேன். பொலிஸுக்கு முதலில் போகிற ஆளும் நான்தான். நான் வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லாரையும் வரச் சொல். நான் வீட்டில் இருப்பேன்.

உங்கள்,
கிருஷாந்தி